மீஞ்சூர்க் கிணறுகளும் ஐந்து எஸ்.ஓ.பி.களும்

ஆண்டுதோறும் செப்டம்பர் பிறந்ததும், நான் படித்த கல்லூரியின் இளையவர்களிடமிருந்து ஒரே வேண்டுகோள் வரத் தொடங்கும்: "அக்கா, உங்க எஸ்.ஓ.பி.யை அனுப்ப முடியுமா? சும்மா ஒரு மாடலுக்குத்தான்." எஸ்.ஓ.பி. (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்) என்பது, ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த இடம் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்கக் கட்டுரை. அனுப்புவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் என்னிடம் ஐந்து இருக்கின்றன, அவற்றில் எது வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டால், மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இருக்காது. பிறகு, "அஞ்சும் ஒண்ணுதானேக்கா? கடைசிப் பாரா மட்டும்தானே மாறும்?" என்று வரும். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் சென்னை மாணவர்களிடையே இந்த எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதற்காக ஓராண்டை இழந்தேன்.

2014ஆம் ஆண்டு, கட்டடப் பொறியியல் இறுதியாண்டில் இருந்தபோது முதன்முறையாக விண்ணப்பித்தேன். தியாகராய நகரில் ஒரு கன்சல்டன்ஸியில் பணம் கட்டியிருந்தோம். என் மதிப்பெண்களையும் மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வு மதிப்பெண்ணையும் பார்த்துவிட்டு, ஆம்பிஷியஸ் இரண்டு, மாடரேட் மூன்று, சேஃப் இரண்டு என்று ஏழு பல்கலைக்கழகங்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். எஸ்.ஓ.பி.க்கு ஒரு கேள்வித்தாள் இருந்தது. அதை நிரப்பிக் கொடுத்தால் பத்து நாளில் கட்டுரை வந்தது. சிறுவயது முதலே எனக்கு நீரின்மீது இருந்த ஆர்வத்தில் தொடங்கி, கல்லூரியில் படித்த பாடங்கள், செய்த ப்ராஜெக்ட், பங்கேற்ற கருத்தரங்குகள் என்று வரிசையாகச் சென்று, கடைசிப் பத்தியில் "உலகத்தரம் வாய்ந்த ஆசிரியர்களும் அதிநவீன ஆய்வகங்களும் கொண்ட தங்கள் பல்கலைக்கழகம்" என்று முடிந்தது. பல்கலைக்கழகத்தின் பெயருக்கும் இரண்டு பேராசிரியர்களின் பெயர்களுக்கும் மஞ்சள் நிறமிட்ட வெற்றிடங்கள் விட்டிருந்தார்கள். ஏழு முறை அந்த வெற்றிடங்களை நிரப்பினேன். அதுதான் அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்ப எழுதுவது என்று உண்மையாகவே நம்பினேன். விண்ணப்பம் ஒன்றுக்கு ஏறக்குறைய 6,000 ரூபாய் ஆனது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்துக் கட்டினார். ஆறு இடங்களில் ரிஜெக்ட். ஏழாவது இடத்தில் அட்மிட் வந்தது, ஆனால் உதவித்தொகை இல்லை. அந்தக் கட்டணத்தைக் கட்ட எங்கள் வீட்டில் வழியில்லை.

கல்லூரி முடிந்து ஒரு சிறு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, என் ப்ராஜெக்டுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியையிடம் அந்தக் கட்டுரையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முதலில் கடைசிப் பத்தியில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தன் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இப்ப இது எந்த ஊருன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. அது நான் எதிர்பார்த்த குறைதான். அவர் அடுத்துச் சொன்னதுதான் எதிர்பாராதது. "கடைசிப் பத்தியை விடும்மா. முதல் மூணு பத்தியில நீ என்னென்ன பண்ணினன்னு இருக்கு. அதுல எது அவங்களுக்கு வேணும்னு நீ யோசிக்கவே இல்லையே. மாத்த வேண்டியது அங்கதான் இருக்கு."

அவர் சொன்னதை விளக்க வேண்டுமானால், என் ப்ராஜெக்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சென்னைக்கு வடக்கே, ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட மீஞ்சூர், பஞ்செட்டிப் பகுதிகளில் பல பத்தாண்டுகளாக ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டது. கடலோரத்தில் நன்னீர், அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், உப்புநீரின் எல்லை கீழேயிருந்து ஏறக்குறைய 40 மீட்டர் மேலேறும் என்பது நீரியலின் பழைய, எளிய கணக்கு. மீஞ்சூரில் அதுதான் நடந்தது. நான் 22 கிணறுகளிலிருந்து ஏழு மாதங்கள் நீர் எடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனையும் குளோரைடையும் அளந்தேன். பெரும்பாலான கிணறுகள் எதிர்பார்த்தபடியே கடலிலிருந்து விலக விலக உப்புக் குறைந்தன. மூன்று கிணறுகள் மட்டும் அப்படி இல்லை. சுற்றிலும் உப்பாகிப்போன நிலத்தின் நடுவே, ஆரணியாற்றுத் தடுப்பணை ஒன்றுக்கு அருகிலிருந்த அவை மூன்றும் இனித்துக்கொண்டிருந்தன. எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று கணிக்க நான் அமைத்த கணினி மாதிரி (மாடல்) அந்த மூன்று இடங்களிலும் தவறிப்போனது. எனக்கு முழுமையாக விளங்காத விஷயம் என்பதால், கன்சல்டன்ஸியின் கட்டுரையில் அந்த மூன்று கிணறுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்தச் சமயத்தில் மாம்பலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். "நீ என்ன படிச்சிருக்கே?" என்று கேட்ட பாட்டிக்கு, கடலோரத்துக் கிணற்றில் ஏன் உப்பு ஏறுகிறது என்று சொன்னேன். குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியப்பாவிடம், எந்தக் கிணற்றுத் தொகுதியில் பம்பிங்கைக் குறைத்தார்கள் என்று பேசினேன். திருவள்ளூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த மாமாவிடம், பயிரை விட்டுவிட்டு நீரை விற்றவர்களின் கதையைச் சொன்னேன். மூவரிடமும் நான் சொன்னது ஒரே மீஞ்சூரைத்தான். ஒருவரிடமும் பொய் சொல்லவில்லை. அவரவர் எதை அறிந்தவர், எதை மேலும் அறிய விரும்புவார் என்பதை எண்ணித்தான் வாயைத் திறந்தேன். பந்தியில் இயல்பாகச் செய்த இதைக் காகிதத்தில் ஏன் செய்யவில்லை என்று, அன்று வீடு திரும்பும் மின்சார ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் முறை, 2015இல், ஐந்து இடங்களுக்கு மட்டும் விண்ணப்பித்தேன். அந்த ஐந்தையும் தரவரிசையிலிருந்து எடுக்கவில்லை. அந்த மூன்று கிணறுகளைப் பற்றிப் பேச அங்கே யாராவது இருக்கிறார்களா என்று தேடித்தான் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அமர்ந்து, துறை ஒன்றுக்கு ஒரு நோட்டுப்புத்தகம் என்ற கணக்கில் எழுதிவைத்துக்கொண்டேன்.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் அப்போது நீரியலுக்கும் நீர்வளத்துக்கும் என்றே தனித்துறை இருந்தது. கணினி மாதிரிகளை அளவுகளோடு பொருத்திச் சரிசெய்வதற்கு உலகெங்கும் பயன்படும் எஸ்.சி.இ.-யு.ஏ. என்ற முறை 1990களின் தொடக்கத்தில் அங்கேதான் உருவானது. அதன் பெயரில் உள்ள யு.ஏ. என்ற எழுத்துகள் அந்தப் பல்கலைக்கழகத்தையே குறிக்கின்றன. அப்படிப்பட்ட இடத்துக்கு எழுதும்போது, என் மாதிரி 19 கிணறுகளில் சரியாக வந்தது என்று பெருமைப்படுவதில் பொருளே இல்லை. மூன்று கிணறுகளில் அது ஏன் தவறியது, தவறு அளவீட்டிலா, மண்ணின் ஊடுருவுதிறனுக்கு நான் எடுத்துக்கொண்ட எண்ணிலா, அல்லது மாதிரியின் அமைப்பிலேயேவா, இவற்றைப் பிரித்தறிய எனக்கு இன்னும் எந்தப் பயிற்சி வேண்டும் என்பதுதான் அங்கே சொல்ல வேண்டியது. ஆகவே அரிசோனாவுக்கான கட்டுரையின் முதல் வாக்கியமே என் மாதிரி தோற்ற இடத்தில் தொடங்கியது.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் வேறு வகை. அங்கே நீரியல் ஒரு தனித்துறையாக அல்லாமல், பல துறைகளின் ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் பட்டதாரிக் குழுவாக இயங்குகிறது. அதைச் சுற்றியிருப்பது பெரும் வேளாண் நிலம். கலிஃபோர்னியா 2014இல் நிலத்தடி நீருக்கென்று ஒரு பெரிய சட்டம் கொண்டுவந்தது. நிலத்தடி நீரைப் பயன்படுத்துவதால் நேரக்கூடாத விளைவுகள் என்று அது ஆறு விளைவுகளைக் குறிப்பிடுகிறது. கடல்நீர் உட்புகுவது அவற்றுள் ஒன்று. இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987இலேயே நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தும் சட்டம் இருந்தது என்பதுதான். டேவிஸின் ஆய்வாளர்கள் மழைக்காலத்தில் வயல்களில் நீரைத் தேக்கி நிலத்தடிக்கு இறக்கும் வழிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். என் மூன்று கிணறுகளுக்கு அருகிலிருந்த தடுப்பணை செய்ததும் அதைத்தான். எனவே அவர்களுக்கான கட்டுரையில் கிணறுகளைவிடத் தடுப்பணை முன்னே வந்தது: அது எவ்வளவு நீரை இறக்கியிருக்கக்கூடும், அந்த நீரை யார் எடுத்தார்கள், நான் ஏழு மாதங்கள் பார்த்ததில் எது தெரிந்தது, எது தெரியவில்லை. மாதிரியைப் பற்றி அங்கே இரண்டே வரிகள். அரிசோனாவுக்கு ஒரு முழுப் பத்தி பெற்ற அதே மாதிரிதான்.

நெதர்லாந்தின் டெல்ஃப்டில் உள்ள ஐ.ஹெச்.இ. என்ற நீர்க்கல்வி நிறுவனம் 1957இல் தொடங்கியது. வளரும் நாடுகளிலிருந்து வரும், ஏற்கெனவே நீர்த்துறையில் வேலை பார்க்கும் பொறியாளர்களே அங்கே பெரும்பாலும் படிக்கிறார்கள். படித்துவிட்டுத் தம் நாட்டுக்குத் திரும்பி என்ன செய்வார்கள் என்பது அங்கே இயல்பாக எழும் கேள்வி. ஆகவே அந்தக் கட்டுரையில், முந்தைய கன்சல்டன்ஸி கட்டுரையில் இடமே இல்லாத என் வேலை முதலிடம் பெற்றது. அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு வரைபடம் போடும் எளிய வேலைதான் அது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டு அப்போது பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தும், கட்டிய குழிகள் மணல் அடைத்துக் கிடப்பதை வாரந்தோறும் பார்த்தேன் என்பதையும், பராமரிப்பைக் கணக்கில் கொள்ளாத வடிவமைப்பு தோற்கும் என்பதை அதிலிருந்து கற்றேன் என்பதையும் எழுதினேன்.

கனடாவின் வாட்டர்லூவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே ஆய்வுவழி முதுகலைக்கு முதலில் ஒரு வழிகாட்டி சம்மதிக்க வேண்டும். ஆகவே உண்மையான எஸ்.ஓ.பி. என்பது நான் ஒரு பேராசிரியருக்கு எழுதிய 15 வரி மின்னஞ்சல்தான். நீரில் உள்ள ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) கொண்டு அது மழைநீரா, பழைய நிலத்தடி நீரா, கடல்நீரா என்று கண்டறியும் ஆய்வகம் அங்கே இருப்பதால், மூன்று கிணறுகளின் நீர் எங்கிருந்து வந்தது என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்டேன்.

ஐந்தாவது, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம். நான் தவறு செய்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள் திட்டத்துக்குத் தலைமை தாங்கியது அந்தப் பல்கலைக்கழகம். புவியீர்ப்பில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றங்களை அளந்து நிலத்தடி நீரின் இழப்பைக் கணிக்கும் அந்த அரிய திட்டத்தைப் பற்றிப் படித்து வியந்துபோய், என் வாழ்நாள் ஆர்வமே அதுதான் என்பதுபோல் முதல் வரைவை எழுதிவிட்டேன். பேராசிரியை படித்துவிட்டு, "கிரேஸ் ஒரு தடவை எவ்வளவு பரப்பைப் பார்க்கும்?" என்று கேட்டார். ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் என்றேன். "தமிழ்நாடு மொத்தமே 1,30,000 தானேம்மா. உன் மூணு கிணறு அதுல எங்கே இருக்கும்?" என்றார். அவர் சொன்னது சரி. அந்தத் துறைக்கு ஏற்ப எழுதுகிறேன் என்று எண்ணிக்கொண்டு, நான் செய்யாத வேலையின் மீது இல்லாத காதலை வரவழைத்துக்கொண்டிருந்தேன். படிப்பவர்கள் அந்தத் துறையிலேயே வாழ்பவர்கள். அவர்களுக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மறுபடி நோட்டுப்புத்தகத்தைத் திறந்தேன். அதே பல்கலைக்கழகத்தின் புவியறிவியல் பள்ளியில், ஆறுகள் படியவிட்ட மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக எப்படி அமைகின்றன என்று ஆராய்பவர்கள் இருந்தார்கள். மீஞ்சூர்ப் பகுதியின் அடியில் பழைய ஆற்றுத்தடங்கள் மணலாகப் புதைந்து கிடக்கின்றன என்பது முன்பே எழுதப்பட்டுள்ள விஷயம். என் மூன்று கிணறுகளும் ஒரே பழந்தடத்தின் மேல் அமைந்திருக்கலாமோ என்ற ஐயம் எனக்கு வந்தது அப்போதுதான். இதை நான் ப்ராஜெக்ட் செய்த காலத்தில் நினைக்கவேயில்லை. ஒரு துறையை வாசித்ததால் என் சொந்த வேலையில் புதிதாக ஒன்றைக் கண்டேன். அந்த ஐயத்தையே அந்தக் கட்டுரையின் மையமாக வைத்தேன், அது ஐயம் மட்டுமே என்பதையும் சொல்லி.

ஒரு துறையை எப்படி வாசிப்பது என்று கேட்பவர்கள், பேராசிரியர்களின் ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்க வேண்டும் என்ற பதிலை எதிர்பார்க்கிறார்கள். அது தேவைதான், ஆனால் வெளியான கட்டுரை அவர் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் செய்த வேலையைக் காட்டுகிறது. நீங்கள் சேரப்போவது அவர் இனிச் செய்யவிருக்கும் வேலையில். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தான் வழங்கும் ஒவ்வொரு நிதிக்கும் தலைப்பு, தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள், ஒரு சுருக்கம் ஆகியவற்றைப் பொதுவில் வைத்திருக்கிறது. பேராசிரியரின் பெயரை இட்டுத் தேடினால் கிடைக்கும். பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இதுபோன்ற தளங்கள் உள்ளன. பொறியியல், அறிவியல் துறைகளில் ஆய்வு மாணவரின் சம்பளம் பெரும்பாலும் இந்த நிதியிலிருந்தே வருகிறது. நிதி அடுத்த ஆண்டோடு முடிகிறதா, இப்போதுதான் தொடங்கியிருக்கிறதா என்பதைப் பார்ப்பது, உங்களுக்கு இடம் இருக்குமா என்பதற்கு ஓரளவு நம்பகமான குறிப்பு. அடுத்ததாக, அந்தப் பேராசிரியரிடம் அண்மையில் முடித்தவர்களின் ஆய்வேடுகளைப் பாருங்கள். முன்னுரையையும் நன்றியுரையையும் படித்தாலே ஓர் ஆய்வுக்குழுவின் நடப்பு புரியும். பட்டதாரி மாணவர்களுக்கான துறைக் கையேட்டையும் விட்டுவிடாதீர்கள். முதலாண்டில் பல ஆய்வகங்களில் சுழற்சி முறையில் இருந்துவிட்டுப் பிறகு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் துறைகள் உண்டு. உயிர் அறிவியல் துறைகள் பலவற்றில் இதுவே வழக்கம். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரே ஒரு பேராசிரியரின் பெயரை எழுதி, அவரிடம் மட்டுமே சேர்வேன் என்பது அந்தத் துறையை அறியாதவர் செய்வது. வழிகாட்டி முன்கூட்டியே சம்மதிக்க வேண்டிய துறைக்கு, நான்கு பேரைப் பொதுவாகக் குறிப்பிட்டு எழுதுவதும் அதே அறியாமைதான். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் சம்பளமுள்ள வேலையாக விளம்பரமாகிறது. அங்கே கேட்பது அந்த வேலைக்கான கடிதத்தை, வாழ்க்கைக் கதையை அல்ல.

முதல் முறை நான் பெயர் குறிப்பிட்ட பேராசிரியர்களில் ஒருவருக்குப் பெயருடன் எமரிட்டஸ் என்று போட்டிருந்தது. அது ஏதோ உயர்ந்த பட்டம் என்று நினைத்தேன். அவர் ஓய்வுபெற்றுவிட்டார் என்பதே அதன் பொருள், அப்படிப்பட்டவர்கள் வழக்கமாகப் புதிய மாணவர்களை எடுப்பதில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

பேராசிரியர்களின் பெயரை எழுதும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இன்னாரின் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது" என்ற வாக்கியத்தை ஏறக்குறைய எல்லாரும் எழுதுகிறார்கள். அது இன்னாரைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை, எழுதியவரைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. அவர் எந்தக் கேள்வியில் இருக்கிறார், என்னிடம் இருக்கும் எது அந்தக் கேள்வியைத் தொடுகிறது, அதில் என்னால் இன்னும் செய்ய முடியாதது எது, இந்த மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் வர வேண்டும். உதாரணமாக, டேவிஸுக்கு நான் எழுதியதன் கருத்து ஏறக்குறைய இப்படி இருந்தது: வயலில் தேக்கிய நீர் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை நீங்கள் களத்தில் அளக்கிறீர்கள், தடுப்பணைக்குக் கீழே அதே அளவை ஏழு மாத உப்புத்தன்மையிலிருந்து மறைமுகமாக ஊகிக்க முயன்றேன், மழையற்ற மாதங்களில் என் ஊகம் நிற்கவில்லை, நேரடியாக அளக்கும் முறையைக் கற்க விரும்புகிறேன். இப்படி ஒரு வாக்கியம் எழுத ஒரு நாள் ஆகலாம். அந்த ஒரு நாளைச் செலவழிக்க முடியாத துறையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது என்பது என் முடிவு. விண்ணப்பப் படிவத்திலேயே பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் துறைகளும் பல உண்டு. அங்கே குறித்த பெயர்களும் கட்டுரையில் உள்ள பெயர்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை எத்தனையோ பேர் கவனிப்பதில்லை.

எது மாறக்கூடாது என்பதும் எனக்குத் தெளிவாக இருந்தது. 22 கிணறுகள் எல்லாவற்றிலும் 22தான். மூன்றாம் பருவத்தில் கணிதத்தில் நான் தோற்று மறுபடி எழுதியது, படிவத்தில் இருக்கும் உண்மை. அதை ஒரு துறைக்கு விளக்கி இன்னொரு துறைக்கு மறைக்கவில்லை. எந்தத் துறைக்கும் இல்லாத திறமையைச் சேர்க்கவில்லை. கேட்கும் தாள்களும் இடத்துக்கு இடம் வேறு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் எஸ்.ஓ.பி.யோடு தனியாக ஒரு வாழ்க்கை வரலாற்று அறிக்கையும் கேட்கிறது. நான் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்ததும், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான் என்பதும் அதில் இடம்பெற வேண்டியவை. அவற்றை இரண்டிலும் எழுதினால், எஸ்.ஓ.பி.யில் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டிய அரைப் பக்கம் வீணாகும்.

பரிந்துரைக் கடிதம் தருபவர்களுக்கும் ஐந்து இடங்களின் பெயர்களோடு, ஒவ்வோர் இடத்திலும் நான் எதை முன்வைக்கிறேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். நம் ஊரில் கடிதத்தை மாணவரையே எழுதிவரச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. என் பேராசிரியை அப்படிச் செய்யவில்லை என்பதில் எனக்கு இன்றும் நன்றி உண்டு.

அந்த டிசம்பரை மறக்க முடியாது. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரைபுரண்டு, சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் மூழ்கியது. ஐந்து நாட்கள் மின்சாரம் இல்லை. என் முதல் கெடு டிசம்பர் 15. கணினி தப்பியது, ஆனால் பயன்படுத்த முடியவில்லை. நோட்டுப்புத்தகங்கள் மேல்தளத்து அலமாரியில் இருந்தன. டார்ச் வெளிச்சத்தில் ஐந்து கட்டுரைகளின் முதல் பத்திகளையும் கையால் எழுதினேன். கணினியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டியிருப்பேன். கையால் எழுதும்போது, அந்தத் துறையில் யாருக்காக எழுதுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து நினைக்க வேண்டியிருந்தது. மின்சாரம் வந்த பிறகு அந்தப் பத்திகளில் மிகக் குறைவாகவே திருத்தினேன். ஒரு துறையின் அலுவலருக்கு நிலைமையை விளக்கி மூன்று வரி எழுதினேன்; மதிப்பெண் சான்றுகளை மட்டும் ஒரு வாரம் தாமதமாக அனுப்ப அனுமதித்தார்.

2016 மார்ச்சுக்குள் இரண்டு இடங்களில் உதவித்தொகையோடு அட்மிட் வந்தது. அதற்கு எஸ்.ஓ.பி. மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்; இடைப்பட்ட ஓராண்டில் எனக்கு வேலை அனுபவமும் ஒரு கருத்தரங்குக் கட்டுரையும் சேர்ந்திருந்தன. ஆனால் அந்த இரண்டில் ஒன்றில், ஸ்கைப்பில் நேர்காணல் நடத்திய பேராசிரியர் வணக்கம் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி, அந்த மூன்று கிணறுகளின் ஆழம் என்ன என்பதுதான். 40 நிமிடமும் அதைப் பற்றியே பேசினோம்.

2023இல் ஒரு மாணவி எனக்கு எழுதினாள். வேளச்சேரியில் வீடு, பதினோரு பல்கலைக்கழகங்களின் பட்டியல், ஒரே எஸ்.ஓ.பி. பதினோரு பெயர்களின் மீதும் கட்டைவிரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். நவம்பர் முழுக்கப் படித்து அவளே நான்கை நீக்கினாள். இரண்டில் அவளுடைய கேள்வியைத் தொடும் ஆசிரியர் எவரும் இல்லை, ஒன்றில் இருந்த ஒரே ஆசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், மற்றொன்று நேராக முனைவர் படிப்புக்கு மட்டுமே ஆள் எடுக்கும் துறை. அந்தக் கட்டணம் மிச்சமானது. டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி மூழ்கியபோது மீதி ஏழில் மூன்று முடிந்திருந்தன. ஆலந்தூரில் சித்தி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து மற்றவற்றை எழுதினாள். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி இரவு 11.59 என்றால், அது நமக்கு மறுநாள் காலை 10.29, மேற்குக் கரையென்றால் பிற்பகல் 1.29. இந்தக் கணக்கை நம்பிக் கடைசி மணிநேரம் வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். டிசம்பர் 15 கெடுவுக்கு அவள் 13ஆம் தேதியே அனுப்பிவிட்டு, ஏழு கோப்புகளையும் எனக்கு அனுப்பினாள். ஏழின் முதல் வாக்கியங்களையும் வரிசையாக வாசித்தேன். எதற்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் தேவைப்படவில்லை. எது எங்கே போகிறது என்று ஐந்தைச் சரியாகச் சொல்லிவிட்டேன். மீதி இரண்டை மாற்றிச் சொன்னேன். "அது ரெண்டும் எனக்கே கொஞ்சம் ஒண்ணாத்தான் தெரிஞ்சுதுக்கா" என்றாள்.